வெளியே தெரியும் மெயின் ஒயர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மீட்டர் போர்டிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் ஒயர் சுவரில் வெறுமனே தொங்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அறைக்குள் போகும் ஒயர்களைச் சுவருக்குள் பதித்துவிட்டு, எல்லா மின்சாரமும் வந்து போகும் அந்த இரண்டு மீட்டர் நீள ஒயரை மட்டும் ஆணியில் மாட்டி விட்டிருப்பார்கள். வீட்டிலேயே அதிகப் பாதுகாப்பு வேண்டிய துண்டு அதுதான். காரணம், அதற்கு முன்னால் உங்களுடைய எம்.சி.பி.யோ (சுமை மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) ஆர்.சி.சி.பி.யோ (கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) கிடையாது.

இதை ஒரு கணக்கில் பார்த்தால் புரியும். உறை வெடித்த ஃபேஸ் ஒயர் ஈரச் சுவரைத் தொடுகிறது. அந்த வழியின் மின்தடை 5,000 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 46 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அது போதும். ஆனால் மின்வாரியத்தின் ஃபியூஸ் கட்டைக்கு அது தூசு மாதிரி, அசையவே அசையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தாலும் அது தனக்குப் பின்னால் உள்ள ஒயரை மட்டும்தான் கவனிக்கும். முன்னால் உள்ள ஒயரில் கசிவது அதன் கண்ணில் படாது. ஆகவே ஒயர் எங்கே வெளியே தெரிந்தாலும் முதல் கேள்வி, "இதில் கோளாறு வந்தால் எது தானாக விழும் (அணையும்)?" என்பதுதான். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் அந்தக் கேள்வியோடு படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

கம்பத்திலிருந்து மீட்டர் வரையிலான சர்வீஸ் ஒயர், ஃபியூஸ் கட்டை, மீட்டர், அவற்றின் சீல் எல்லாம் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரிலிருந்து வெளியே வருவது உங்களுடையது. மீட்டர் டெர்மினல் மூடியின் சீலை உடைத்து ஒயரைக் கழற்றுவது, மின்சாரச் சட்டம் 2003-இன் 138-ஆம் பிரிவின்படி குற்றம். அங்கே திறக்க வேண்டுமென்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியுங்கள். லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்துத் தருவார். வேலை முடிந்ததும் மறுபடி சீல் வைத்துவிட்டதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்தால் மெயின் சுவிட்சுக்குப் பின்னால்தான் மின்சாரம் நிற்கும். மீட்டரிலிருந்து அதுவரை வரும் ஒயரில் அப்படியே இருக்கும். இதை மறந்து அந்த ஒயரை டேப் சுற்றப் பிடிப்பவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள். அடுத்தது இன்வெர்ட்டர். மெயினை அணைத்த அடுத்த நொடியே விளக்கு, ஃபேன் லைன்களில் அது 230 வோல்ட்டைத் திருப்பிக் கொடுக்கும். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் வெளிவரும் பிளக்கைப் பிடுங்குங்கள். மாடியில் சோலார் இருந்தால் அதன் ஏ.சி. பிரேக்கரையும் இறக்குங்கள்.

மின்சாரம் இல்லை என்பதை நியான் டெஸ்டரை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. பக்கத்தில் ஓடும் ஒயரின் தூண்டலாலேயே எங்கும் இணைக்காத ஒயரில் அது மங்கலாக எரியும். ரப்பர் செருப்புப் போட்டு மர ஏணியில் நின்றால், மின்சாரம் உள்ள ஒயரிலும் கண்ணுக்குத் தெரியாதபடி மங்கலாம். மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட்டில் வைத்து, முதலில் மின்சாரம் உள்ள, பக்கத்து வீடு போன்ற வேறு இடத்துப் பிளக் ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். கடைசியில் மின்சாரம் உள்ள அதே பிளக்கில் மறுபடி ஒரு தரம். நடுவில் மல்டிமீட்டர் பழுதாகியிருந்தால் அதுவும் சுழியைக் காட்டலாம். அதற்காகத்தான் இந்தக் கடைசிச் சோதனை.

அறிகுறி: மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே ஒயர் வெறுமனே தொங்குகிறது, உறை நன்றாகத்தான் இருக்கிறது

இது கோளாறு ஆவதற்கு முந்தைய கட்டம். சரி செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. முதலில் தூரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஐந்தாறு மீட்டர் ஓடி உள்ளறைக்குப் போகிறதென்றால், மீட்டருக்குப் பக்கத்திலேயே ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அணைக்கும் ஒரு இரண்டு முனை எம்.சி.பி.யைத் தனிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அங்கிருந்து பின்னால் வரும் ஒயருக்குக் காவல் வந்துவிடும். பைப் போடுவதைவிட இது பெரிய பாதுகாப்பு.

மூடுவதற்கு இரண்டு வழிகள். ஒயரைக் கழற்றாமல் செய்ய வேண்டுமென்றால் கேசிங் கேப்பிங். அடிப்பட்டையைச் சுவரில் முடுக்கி, ஒயரை அதற்குள் படுக்க வைத்து, மேல்மூடியைத் தட்டி மாட்டிவிடலாம். மீட்டர் சீலைத் தொட வேண்டியதில்லை. ஆனாலும் வேலை நடக்கும்போது வாரியத்தின் பக்கம் மின்சாரத்தைத் துண்டித்துத்தான் ஆக வேண்டும். சுவரில் டிரில் ஓடும்போது மின்சாரம் உள்ள ஒயர் கைக்கு நான்கு விரல் தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. அடிப்பட்டைக்குத் தலை பதியும் ஸ்க்ரூ போடுங்கள். உருண்டைத் தலை ஸ்க்ரூ போட்டால் அதன் விளிம்பு ஒயரின் முதுகில் உட்கார்ந்து, மூடியை அழுத்தும்போது உறைக்குள் இறங்கும். ஒரு வருடம் கழித்து வரும் ஷார்ட்டுக்கு அதுவே காரணமாகிவிடும்.

கைக்கு எட்டும் உயரம், பைக் நிறுத்தும் போர்டிகோ, சைக்கிள் சாய்க்கும் சுவர் போன்ற இடங்களில் கேசிங் தாங்காது. அங்கே பைப்தான் சரி. 2 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டியவை:

25 மி.மீ. மீடியம் பி.வி.சி. மின் பைப் ஒரு நீளம் (3 மீட்டர்), பென்ட் (வளைவுத் துண்டு) 2, அடித்தட்டு உள்ள சேடில் (பைப்பைச் சுவரில் பிடிக்கும் கிளிப்) 8, சுவர் ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்கோடு 35 மி.மீ. ஸ்க்ரூ 16, ஐ.எஸ். 694 (இந்தியத் தரம்) முத்திரையுள்ள 10 சதுர மி.மீ. எஃப்.ஆர். (தீ எளிதில் பரவாத உறை) செம்பு ஒயர் சிவப்பும் கறுப்பும் தலா 3 மீட்டர், 10 சதுர மி.மீ. பின் லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) 4, சால்வென்ட் சிமென்ட் சிறு டப்பா ஒன்று.

தண்ணீர்க் குழாய் பைப்பை மின்சாரத்துக்குப் போடாதீர்கள். மின் பைப்புக்கு ஐ.எஸ். 9537 என்ற தரம் தனியாக இருக்கிறது. தீப்பிடித்தால் தானே அணைகிற குணம் அதில் சோதிக்கப்படுகிறது.

பைப்பை ஹேக்ஸா பிளேடால் அறுத்ததும் உள் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். சேடில் 60 செ.மீ.க்கு ஒன்று, பென்ட், கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) இவற்றின் இரு பக்கமும் 30 செ.மீ.க்குள் ஒன்று. முதலில் பைப்பை ஒட்டி முடித்து, பசை காய்ந்த பிறகுதான் ஒயரை இழுக்க வேண்டும். அவசரத்தில் ஒயரை உள்ளே விட்டுக்கொண்டே கப்ளரில் பசையைத் தாராளமாகத் தடவினால், உள்ளே வழிந்த சால்வென்ட் ஒயரின் பி.வி.சி. உறையையும் கரைத்து மெல்லிசாக்கும். வெளியிலிருந்து அது தெரியவே தெரியாது.

இன்னொன்று, பைப்புக்குள் போனால் ஒயரின் தாங்குதிறன் குறையும். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் திறந்த சுவரில் சுமார் 29 ஆம்பியர் தாங்கும்; பைப்புக்குள் சுமார் 24தான். 6 சதுர மி.மீ.க்கு 37, 31. பத்துக்கு 51, 42. இதுவரை வெளியே காற்றோட்டமாக இருந்து தாக்குப்பிடித்த பழைய ஒயரை அப்படியே பைப்புக்குள் அடைத்து, முன்னால் 32 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதே என்று விட்டுவிட்டால் புதுக் கோளாறு ஒன்றைக் கட்டி வைத்ததாகும். கூட்டிப் பாருங்கள்: ஒன்றரை டன் ஏ.சி. 8 ஆம்பியர், 2 கிலோவாட் கீசர் 9, ஒரு எச்.பி. மோட்டார் 6, ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து 3. காலை ஏழு மணிக்கு 26 ஆம்பியர். மெயினுக்கு 10 சதுர மி.மீ. என்று சொல்வது இதனால்தான்.

அறிகுறி: உறை விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது

வெடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதிலேயே காரணம் தெரியும்.

டெர்மினலிலிருந்து 10, 15 செ.மீ. வரை மட்டும் கறுத்து விறைத்திருந்து, அதற்கு மேல் ஒயர் மெத்தென்று இருந்தால், குற்றம் ஒயரில் இல்லை, ஸ்க்ரூவில். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை உண்டானால் போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். இரண்டு சால்டரிங் அயர்னை ஒயர் நுனியில் கட்டி வைத்த மாதிரி. இந்தக் கோளாறுக்கு இன்னொரு அடையாளம் வாடை. பேக்கலைட், சுவிட்ச் பிளாஸ்டிக் சூடேறும்போது மீன் கவிச்சி போல அடிக்கும். "எங்கேயோ எலி செத்துக் கிடக்கு" என்று தேடுவதற்கு முன் மெயின் சுவிட்ச் மூடிமேல் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

சரி செய்ய: கறுத்த பகுதியை முழுவதும் வெட்டி எறியுங்கள். செம்பு இழைகள் கறுப்போ சிவந்த பழுப்போ ஆகியிருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை பின்னால் போக வேண்டும். வெட்டியபின் ஒயர் எட்டவில்லை என்றால் முழு ஒயரையும் மாற்ற வேண்டியதுதான். நடுவில் ஒட்டுப் போட வேண்டாம். பல இழை ஒயருக்கு லக் அழுத்திப் பொருத்துங்கள், அதற்கென்ற கிரிம்பிங் கருவியால். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்பிங் ஆகாது. சுவிட்சின் டெர்மினலும் கருகியிருந்தால் அந்தச் சுவிட்சையும் மாற்றுங்கள். வெந்த ஸ்பிரிங்கும் நீலம் பாரித்த ஸ்க்ரூவும் திரும்ப இறுகிப் பிடிக்காது.

ஒயர் முழு நீளமும் விறைத்திருந்தால் அது வருடக்கணக்கான அதிகச் சுமை. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமானது. அதற்கு மேல் போகப்போக, அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் வெளியேறி உறை ஓடு மாதிரி ஆகிவிடும். இதற்கு முழு மாற்றம்தான் வழி. பைப் போட்டு மூடினால் இன்னும் சூடாகும். வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறி, கோடு கோடாக வெடித்திருந்தால் சூரியன் செய்த வேலை. புது ஒயரை வெயில் தாங்கும் கறுப்புப் பைப்பிலோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பிலோ போடுங்கள்.

பழைய வீடுகளில் இதைக் கண்டுபிடிப்பதே சிரமம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து, ஒயரும் மர ரீப்பரும் சுவரும் ஒரே வெள்ளையாகியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். வெடிப்பு நிழல் கோடாகத் தெரியும். ரீப்பரில் கிளிப் அடித்து, துணி சுற்றிய ரப்பர் ஒயர் ஓடினால், அதை வளைத்துச் சோதிக்கவும் வேண்டாம். ரப்பர் உதிர்ந்து செம்பு வெளியே வந்துவிடும். அதை நகர்த்தாமல் மின்சாரத்தை நிறுத்தி, புது லைன் இழுத்தபிறகு அகற்றுங்கள். பழைய லைனில் 3/20, 7/20 என்று சொல்வார்கள்: முதலாவது ஏறக்குறைய 2 சதுர மி.மீ., இரண்டாவது 4.6. ஏ.சி. வராத காலத்து மெயின் பெரும்பாலும் 7/20தான். இன்றைய சுமைக்கு அது போதாது.

அறிகுறி: உறையில் சுரண்டிய தடம், கீழே துகள்

எலி. அதன் முன்பற்கள் சாகும்வரை வளரும். தேய்க்க ஏதாவது வேண்டும், ஒயர் அதற்கு வசதி. ஓட்டு வீட்டின் கைமரத்தின்மேல், பரணில், ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் ஒயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தடம் இரட்டைக் கோடாக, ஒயரின் ஒரே பக்கத்தில் இருக்கும். கத்திக் கீறல் ஒற்றைக் கோடு.

பி.வி.சி. பைப்பை வளர்ந்த எலி கடித்துத் திறக்கும், அதுவும் குறிப்பாக வெட்டிய நுனியில். நடு பைப் வழுவழுப்பான வளைவு, பல் பிடிக்காது. அதனால் நுனிகளைத் திறந்து விடாமல் பெட்டிக்குள்ளேயே முடியுங்கள். பரணில் எலித் தொல்லை உறுதி என்றால் ஜி.ஐ. பைப் போடுங்கள். அதற்கு மூன்று நிபந்தனைகள். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் போக வேண்டும். தனித்தனி இரும்புப் பைப்பில் போனால் காந்தப்புலத்தால் பைப் சூடாகும். இரு நுனியிலும் புஷ் (விளிம்பை மூடும் வளையம்) போட வேண்டும். இல்லாவிட்டால் எலி செய்யாததை இரும்பு விளிம்பு செய்துவிடும். மூன்றாவதாக, பைப்பை எர்த் செய்தே ஆக வேண்டும். எர்த் இல்லாத இரும்புப் பைப்புக்குள் உறை கிழிந்தால் பைப் முழுவதும் 230 வோல்ட். வெறும் ஒயரைவிட அது மோசம், ஏனென்றால் பைப்பைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

போர்டு, டிபி பெட்டி (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) இவற்றில் ஒயர் நுழையும் ஓட்டைகளில் மிச்ச இடத்தை அடைத்துவிடுங்கள். 6 மி.மீ. இடைவெளியில் சுண்டெலி நுழைந்துவிடும்; பல்லிக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். பல்லி இரண்டு பஸ்பாருக்கு (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டை) நடுவே போய் ஷார்ட் ஆவது அடிக்கடி நடப்பது. ஒயருக்காகப் பெட்டியில் தட்டித் திறக்கும் நாக்-அவுட் ஓட்டைகளுக்கு ரப்பர் குரோமெட் (ரப்பர் வளையம்) மாட்டுங்கள். எலிக்காக இரும்பு நார் அடைக்கும் வழக்கத்தை மின்பெட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். ஒரு நார் டெர்மினலில் விழுந்தால் போதும்.

அறிகுறி: மழை பெய்தால் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது, அல்லது மீட்டர் பக்கத்துச் சுவர் சுருக்கென்கிறது

இவை இரண்டும் வேறுவேறு கோளாறு. ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு அதற்குப் பின்னால் இருக்கிறது. கருவி தன் வேலையைச் செய்கிறது. எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். ஒவ்வொன்றாக ஏற்றி, எதில் விழுகிறது என்று பாருங்கள். எம்.சி.பி. ஃபேஸை மட்டும் அணைக்கும் ஒரு முனை வகை என்றால் நியூட்ரல் வழியாகவும் கசியலாம். எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும். பெரும்பாலும் மொட்டைமாடி விளக்கு, மோட்டார் லைன், போர்டிகோ பிளக், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆர்.சி.சி.பி. தொல்லை தருகிறது என்று அதைச் சுற்றி நேராக இணைத்துவிடச் சொல்லும் ஆள் வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுவர் சுருக்கென்கிறது, ஆனால் எதுவும் விழவில்லை என்றால் கசிவு பெரும்பாலும் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருக்கும். மீட்டர் பக்கம், அல்லது சர்வீஸ் ஒயர் சுவரைத் துளைத்து வரும் இடம். இதில் தள்ளிப்போட நேரமில்லை. சுவரையும் அதை ஒட்டிய இரும்புக் கதவு, கிரில் எதையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் வரும் வழி கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: மாடியில் நிற்கும் சர்வீஸ் பைப். அதன் உச்சி வளைந்து வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வளைவு உடைந்து வாய் வானத்தைப் பார்த்தால் மழை நேராக மீட்டர் பெட்டிக்கு வரும். உச்சிக்கு நுழையும் முன் ஒயர் ஒரு தொய்வாகத் தொங்கி மேலேற வேண்டும். ஒயர்வழி வரும் நீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும். ஒயர் இறுக இழுக்கப்பட்டிருந்தால் அந்தச் சொட்டும் உள்ளே போகும். வீட்டுக்குள் நீங்கள் போடும் பைப்புக்கும் இதே விதி. பெட்டிக்குள் பைப் மேலிருந்து நுழையாமல் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ நுழைந்தால் நல்லது. வெளிச்சுவரில் ஓடினால் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. ஓட்டை ஒன்று கீழ்நோக்கிப் போட்டுவிடுங்கள், உள்ளே வியர்க்கும் நீர் வடியும்.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றைச் சர்வீஸ் பைப்பிலோ, சர்வீஸ் ஒயரைத் தாங்கும் ஜி.ஐ. கம்பியிலோ கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். கயிறு கம்பிக் கொடியாக இருந்தால் இப்போதே.

அறிகுறி: நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட், அதன்மேல் பிசுபிசுப்பு

சாதாரண பி.வி.சி. டேப் 0.125 மி.மீ. கனம். நம் ஊர் கோடையில் பசை உருகி வழிந்து, இரண்டு மூன்று வருடத்தில் சுருள் தானாகப் பிரியும். மெயின் ஒயரில் அது தற்காலிகத்துக்குக்கூட வேண்டாம். ஜாயின்ட் இல்லாத ஒரே ஒயராக மாற்றுவதுதான் சரி. மாற்ற முடியாத இடத்தில் மூடியுள்ள ஜங்ஷன் பெட்டி வைத்து, அதற்குள் ஆம்பியர் பொருந்தும் கனெக்டரில் முடுக்கி, ஸ்லீவ் போடுங்கள். அந்தப் பெட்டி பின்னாளில் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அதைப் பூசி மறைக்கக் கூடாது.

அலுமினியமும் செம்பும் முறுக்கிய ஜாயின்ட் என்றால் நிச்சயம் சூடாகியிருக்கும். இரண்டு உலோகமும் தொடும் இடம் ஈரத்தில் அரிக்கும். போதாததற்கு அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். அந்த இடத்தில் பைமெட்டல் லக் (அலுமினியத்தையும் செம்பையும் இணைப்பதற்கென்ற லக்) தவிர வேறு எதுவும் நிலைக்காது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அலுமினிய ஆக்ஸைடு. தட்டிவிட்டு இறுக்கினால் தீராது.

அறிகுறி: விளக்கு ஒரு அறையில் மங்கி, இன்னொன்றில் கண்ணைப் பறிக்கிறது

மூன்று ஃபேஸ் வீட்டில் இது நியூட்ரல் அறுந்த அடையாளம். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மெயினை அணையுங்கள். சில பிளக்குகளில் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரும்; டிவி, ஃபிரிட்ஜ், எல்.இ.டி. எல்லாம் போகும். ஒரு ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் போனால் எதுவும் எரியாது, ஆனால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். "கரன்ட் இல்லை" என்று நினைத்து ஒயரைப் பிடிப்பவர்களுக்கு இதுதான் பொறி. நியூட்ரல் சர்வீஸ் ஒயர் பக்கம் அறுந்திருந்தால் வாரியம் வர வேண்டும். உங்கள் மெயின் சுவிட்சின் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அந்த ஸ்க்ரூவை இறுக்க மெயினை அணைத்தால் போதாது, உள்ளே வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். வாரியத்தின் பக்கம் துண்டித்த பிறகே தொட வேண்டும்.

அறிகுறி: பைப் போட்டு முடித்த பின் கோளாறு

பைப் தொட்டால் சூடு: ஒயர் சிறியது, அல்லது பல சர்க்யூட்டை ஒரே பைப்பில் திணித்திருக்கிறது. பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் அடைக்கக் கூடாது. கண் அளவு வேண்டுமென்றால், ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து பைப்பில் விட்டால் பாதி இடம் காலியாகத் தெரிய வேண்டும்.

ஒயர் இழுபடவில்லை: இரண்டு பெட்டிக்கு நடுவே இரண்டுக்கு மேல் பென்ட் இருக்கும். பலம் போட்டு இழுத்தால் உறை மூலையில் உரியும். நடுவில் ஒரு பெட்டி சேருங்கள். சோப்பு நீர், எண்ணெய் வேண்டாம். பிரெஞ்சு சாக் தூள் போதும்.

சேடில் பிடுங்கிக்கொண்டு வருகிறது: மரக்கட்டை ஆப்பு அடித்திருப்பார்கள், அது உலர்ந்து சுருங்கிவிட்டது. மண், சுண்ணாம்புக் காரை கட்டிய சுவரில் பிளாஸ்டிக் பிளக்கும் நிற்காது. காரையில் போடாமல் செங்கல்லில் டிரில் போடுங்கள், 50 மி.மீ. ஸ்க்ரூவாக.

கேசிங் மூடி தானாகத் திறக்கிறது: உள்ளே ஒயர் அதிகம். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ஒரு அளவு பெரியதாக மாற்றுங்கள். டிவி கேபிள், இன்டர்நெட் ஒயரை அதே கேசிங்கில் விட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குத் தனி வழி.

கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மீட்டருக்கு நேர் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்; மேலே ஒரு தளர்ந்த ஸ்க்ரூ பொறி விட்டால் போதும். சாமி விளக்கும் கேஸ் சிலிண்டரும் அந்த இடத்துக்கு ஆகாது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

ஒயர்மேன் சான்று உள்ளவரிடம் 500 வோல்ட் மெகர் (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் துண்டித்து, இன்வெர்ட்டர், டிவி, எல்.இ.டி. விளக்குகள், ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் விலக்கிய பின், ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் ஒவ்வொன்றும் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். புதிதாகப் போட்ட 2 மீட்டர் மெயின் ஒயர் நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டும். அதில் ஒன்று இரண்டு என்று காட்டினால், விதிப்படி சரி என்று விட்டுவிடாதீர்கள். எங்கேயோ ஸ்க்ரூ உறையில் ஏறியிருக்கிறது, அல்லது பைப்புக்குள் ஈரம்.

மின்சாரம் வந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். அந்தப் பட்டன் கருவியை மட்டும்தான் சோதிக்கும், உங்கள் எர்த் குழி நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு ஏ.சி., கீசர், மோட்டார் மூன்றையும் ஒரே நேரத்தில் அரை மணி ஓடவிட்டு, மெயின் சுவிட்சின் மூடி, பைப் பென்ட், மீட்டருக்கு வெளியே வரும் ஒயரின் மேல் உள்ள கேசிங் ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றுகிற சூடு இருந்தால் மூடியைத் திறந்து ஸ்க்ரூக்களிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பல இழைச் செம்பு ஒயர் முதல் சில வாரங்களில் டெர்மினல் ஸ்க்ரூவுக்கு அடியில் கொஞ்சம் படிந்து தளரலாம். ஒரு மாதம் கழித்து மின்சாரத்தைத் துண்டித்து எல்லா டெர்மினல்களையும் இன்னொரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள்.